பச்சை

கதவைத் தட்டியவன் மேல்வீட்டு ரோதியோன்.
மூன்று குளிர்காலமாக அவன் குழாய்
என் கூரையில் ஒழுகுகிறது.
அந்த மஞ்சள் கறைக்குக் கீழே உட்கார்ந்துதான்
நான் தினமும் சூப் குடிக்கிறேன்.
பேச்சு நின்று வெகுநாளாயிற்று.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வோம்,
சுவரில் ஏதோ எழுதியிருப்பதைப் போல.

மூர்மன்ஸ்கில் டிசம்பர்.
சூரியன் விடுப்பில் போகும் மாதம்.
பகல் இரண்டு மணிக்குத் தெருவிளக்கு எரிகிறது.
இடது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றான்.
துண்டில் ரத்தமும் வெள்ளரி ஊறுகாய் வாடையும்.
"ஜாடி உடைந்துவிட்டது.
ஸெல்யோன்கா இருக்கிறதா?"

இருந்தது.
இந்த ஊரில் யார் வீட்டில்தான் இல்லை அந்தப் பச்சை மருந்து?
விரல் உயரப் புட்டி, பழுப்புக் கண்ணாடி,
ஃப்ரிட்ஜ் கதவில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில்.
கையில் கொடுத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம்.
ஆனால் ஒற்றைக் கையால் அதைத் திறந்தவர்களின்
சமையலறைகளை நான் பார்த்திருக்கிறேன்.
"உள்ளே வா. பூட்ஸைக் கழற்று."

முதலில் தண்ணீர்.
குழாயடியில் அவன் கட்டைவிரலைப் பிடித்து நின்றேன்.
வெட்டுவாயில் ஒட்டியிருந்த சதகுப்பை இலை
சுழன்று போனது.
கண்ணாடித் துணுக்கு ஏதும் உண்டா என்று
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஆழமில்லை. தையல் வேண்டாம்.
சுற்றிலும் சோப்பு. மறுபடி தண்ணீர்.
பெராக்சைடு ஒரு சொட்டு. வெள்ளையாக நுரைத்தது.
"சீறுகிறதே" என்றான்.
மூன்று வருஷம் நான் சீறாததையெல்லாம்
அது சீறட்டும் என்று சொல்ல வந்து
"அசையாதே" என்றேன்.

தீக்குச்சியில் பஞ்சு. பஞ்சில் பச்சை.
காயத்துக்குள் அல்ல, கரையோரம் மட்டும்,
பனி இளகிய ஏரியைச் சுற்றி நடப்பது போல.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள்
கண்ணை இறுக மூடிக்கொண்டான்.
நான் ஊதினேன்.
யோசித்து ஊதவில்லை.
மருந்து வைத்ததும் வாய் தானாகக் குவிந்துவிட்டது.
ஊதக்கூடாது, வாயில் கிருமி என்பாள் டிப்போ நர்ஸ்.
தெரியும்.
தெரிந்தே இன்னொரு முறை ஊதினேன்.

மறுநாள் காலை
என் டிராலிபஸ்ஸில் ஏறியவர்கள் சிரித்தார்கள்.
ஆறு மணிக்கு, மைனஸ் பதினெட்டில்,
ஓட்டுநரைப் பார்த்துச் சிரிக்கிற ஊரல்ல இது.
டிப்போவில் ஃபைனா கேட்டாள்:
"விரலெல்லாம் என்ன?"
"அலமாரிக்குப் பெயின்ட் அடித்தேன்."
பச்சைப் பொய்.
"மூக்குக்கும் சேர்த்தா?"

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
மூக்கு நுனியில்
குத்திவைத்தாற்போல் ஒரு புள்ளி.

சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சைக்குப் போகவில்லை.
வோட்காவுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தது.

வியாழக்கிழமை மீன்துறைமுக நிறுத்தத்தில் அவன் ஏறினான்.
அட்டையை நீட்டிய கட்டைவிரல்
அதே பச்சை.
என் மூக்கைப் பார்த்தான்.
நான் விரலைப் பார்த்தேன்.
இருவரும் வழக்கம்போல் திரும்பிக்கொண்டோம்.

டிராலிபஸ்ஸில் சுவர் கிடையாது.
ஜன்னல்கள்தான்.
விடியாத ஊரில்
ஜன்னல் எல்லாம்
முகம் பார்க்கும் கண்ணாடி.